கடைசி எக்கோவை அப்படியே நம்பாதீர்கள்: எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சிமடத்தில் இருந்து ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கும் பையன் ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடவே கீழக்கரையில் இருந்து எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் பெண்ணும் வந்திருந்தாள். இருவரும் சேர்ந்து ஒரு செய்முறைத் திட்டம் செய்கிறார்கள்: எம்.ஆர்.ஐ.யில் திசுவின் டி2 நேரத்தை அளப்பது. இயந்திரம் தூண்டிய பிறகு திசுவின் சிக்னல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைச் சொல்வது டி2, திசு பழைய நிலைக்கு எவ்வளவு வேகமாக மீள்கிறது என்பதைச் சொல்வது டி1. தேய்ந்துகொண்டே போகும் சிக்னலை அடுத்தடுத்த நேரங்களில் பிடிக்கிறோமே, அந்த ஒவ்வொன்றும் ஒரு எக்கோ.

திரையில் ஒரு வரைகோடு. முதலில் செங்குத்தாக இறங்கி, அப்புறம் சமதளமாக நீண்டு போயிற்று. "அக்கா, வால் பக்கம் பாருங்க, எவ்வளவு சீரா வந்திருக்கு" என்றான் பையன். அந்தச் சீரான வால்தான் பிரச்சினை. அங்கே திசுவின் சிக்னல் எப்போதோ தீர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது இரைச்சல் மட்டும். ஆனால் கணக்குப் போடும் மென்பொருளுக்கு அது தெரியாது. வாலையும் திசு என்றே எடுத்துக்கொண்டு விடை சொல்லும்.

அன்று மாலை வரை அவர்களோடு உட்கார்ந்து பேசியதையும் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். எம்.ஆர்.ஐ. படம் பார்த்துப் பழகியிருப்பீர்கள், ஆனால் அதில் இருந்து எண் எடுத்துப் பழகியிருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த இரைச்சல்?

ஸ்கேன் அறைக்குள் கேட்கும் டக் டக் சத்தம் இல்லை. அது கிரேடியன்ட் காயில்கள் அதிர்வதால் வரும் ஒலி. நாம் பேசுவது மின் இரைச்சல். உடம்பில் உப்பு இருக்கிறது, உடம்பு மின்சாரம் கடத்தும், அதற்குள் மின்னூட்டம் கொண்ட துகள்கள் வெப்பத்தால் சதா அலைந்துகொண்டே இருக்கின்றன. அந்த அலைச்சல், சிக்னலை வாங்கும் கம்பிச்சுருளான காயிலில் சின்னச் சின்ன மின்னழுத்தமாகப் பதிகிறது. 1928-இல் ஜான்சனும் நைக்விஸ்டும் விளக்கிய வெப்ப இரைச்சல்தான் இது. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் சிக்னல் சுமார் 63.9 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதே அலைவரிசையில் நோயாளியின் உடம்பே இரைச்சலையும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும் இரைச்சல் இல்லாத படம் கிடைக்காது.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்கேன் அறையைச் சுற்றி உலோகத் தகட்டால் கூண்டு கட்டியிருப்பார்கள், வெளி ரேடியோ அலை உள்ளே வராமல் இருக்க. கதவைச் சுற்றி வரிசையாக மெல்லிய உலோக விரல்கள் இருக்கும். நம் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் அந்த விரல்களில் களிம்பு ஏற்றிவிட்டால் கதவு சரியாகத் தொடாது. படத்தில் ஜிப் வைத்துத் தைத்தது போல ஒரு கோடு விழும். அதுவும் வேண்டாத சிக்னல்தான், ஆனால் கீழே வரும் கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. கோடு தெரிந்தால் கணக்கை மூடிவைத்துவிட்டுக் கதவைத் துடைக்கச் சொல்லுங்கள்.

நங்கூரம் போட்ட வத்தை

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

கடலில் ஒரு வத்தை, அதாவது படகு, நங்கூரம் போட்டு நிற்கிறது. காற்றும் அலையும் அதை நாலா பக்கமும் ஆட்டுகின்றன. ஒருமுறை கிழக்கே ரெண்டு அடி, ஒருமுறை தெற்கே மூன்று அடி, இப்படி. நாள் முழுக்க அதன் இடத்தைத் திசையோடு குறித்துவைத்துச் சராசரி எடுத்தால், அது நங்கூரத்துக்கு நேர் மேலேயே வரும். கிழக்கே போனதை மேற்கே போனது கழித்துவிடும்.

இப்போது திசையைக் குறிக்காமல், நங்கூரத்தில் இருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்பதை மட்டும் குறியுங்கள். ரெண்டு, மூன்று, ஒன்றரை, ரெண்டேகால். தூரத்துக்கு மைனஸ் கிடையாது. எத்தனை நாள் குறித்தாலும் சராசரி பூஜ்யம் ஆகாது. வத்தை எங்கேயும் போகவில்லை, ஆனால் கணக்குப்படி எப்போதும் ரெண்டு அடி தள்ளியே நிற்கிறது.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் உண்மையில் இரண்டு எண்களைத்தான் பதிவு செய்கிறது: மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி. இரண்டிலும் இரைச்சல் சமமாக, கூட்டலும் கழித்தலுமாக ஆடுகிறது. அது காஸியன் பரவல், மணி வடிவில் இருப்பது. ஆனால் நம் கைக்கு வருவது அளவுப் படம், அதாவது அந்த இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தது. வத்தையின் தூரம் மாதிரி. இதன் பரவலுக்கு ரைசியன் என்று பெயர். 1940-களில் பெல் ஆய்வகத்தில் ரேடியோ இரைச்சலை ஆராய்ந்த ரைஸ் என்பவரின் பெயர் அது. சிக்னலே இல்லாத வெற்று இடத்தில் இதுவே ரேலே பரவலாகிறது. அங்கே சராசரி, இரைச்சல் அளவான சிக்மாவைப் போல 1.25 மடங்கு. இதைத்தான் இரைச்சல் தளம் என்கிறோம். சிக்னல் எவ்வளவு தேய்ந்தாலும் படத்தில் தெரியும் எண்ணின் சராசரி இந்தத் தளத்துக்குக் கீழே இறங்காது.

நீரோட்டம் வத்தையை நூறு அடி இழுத்துப் போயிருந்தால்? அப்போது பக்கவாட்டில் ரெண்டு அடி ஆடுவது தூரத்தைப் பெரிதாக மாற்றாது. முதல் எக்கோக்களில் சிக்னல் பலமாக இருக்கும்போது நிலைமை இதுதான். தூரம் குறையக் குறையத்தான் ஆட்டம் தன் வேலையைக் காட்டும்.

முதல் வேலை: ஸ்கேனருக்குப் போகாமல் எண்களில் பாருங்கள்

மெஷின் நேரம் கிடைக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். எக்செல் போதும். ஒரு திசு: தொடக்க சிக்னல் 500, உண்மையான டி2 50 மில்லி செகண்ட். சிக்மா 20. ஐந்து எக்கோ. இரைச்சலை மெய்ப்பகுதிக்கும் கற்பனைப்பகுதிக்கும் தனித்தனி நெடுவரிசையில் போட்டு, பிறகு அளவு எடுங்கள். ஆயிரம் வரிசை போட்டுச் சராசரி பார்த்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

50 மி.செ.: உண்மை 184, படத்தில் 185
100 மி.செ.: உண்மை 68, படத்தில் 71
150 மி.செ.: உண்மை 25, படத்தில் 34
200 மி.செ.: உண்மை 9, படத்தில் 26
250 மி.செ.: உண்மை 3, படத்தில் 25

வலப்பக்க எண்களுக்கு மடக்கை எடுத்து, ஐந்து புள்ளிக்கும் சமமாக ஒரு நேர்கோடு போடுங்கள். டி2 எவ்வளவு வருகிறது? 100 மில்லி செகண்ட். உண்மையைப் போல இரண்டு மடங்கு. முதல் மூன்று எக்கோவை மட்டும் எடுத்தால் 59. முதல் இரண்டை மட்டும் எடுத்தால் 52.

கீழக்கரைப் பெண் இதைப் பார்த்ததும் கேட்டாள்: "அப்ப சராசரி எடுத்தா சரியாகிடாதாக்கா? இது ஆயிரம் தடவைச் சராசரிதானே?" நல்ல கேள்வி. ஆயிரம் முறை சராசரி எடுத்த பிறகும்தான் 100 வந்திருக்கிறது. இந்தத் தவறு தற்செயலாக மேலும் கீழும் போகிற தவறு இல்லை, ஒரே பக்கம் இழுக்கிற தவறு. அளவுப் படங்களை எத்தனை முறை சராசரி செய்தாலும் தளம் வழவழப்பாகுமே தவிர இறங்காது. தூரத்தை மட்டும் குறித்த ஆளிடம் இன்னும் பத்து நாள் குறிக்கச் சொன்ன கதைதான்.

மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி நிலையிலேயே சராசரி எடுத்தால் நிலைமை வேறு. நான்கு முறை எடுத்தால் சிக்மா பாதியாகும், தளமும் பாதியாக இறங்கும். ஸ்கேனில் சராசரி எண்ணிக்கையைக் கூட்டும்போது இயந்திரம் பொதுவாக இப்படித்தான் செய்கிறது. நான்கு தனித்தனி ஸ்கேன் எடுத்து, வெளியே வந்த படங்களைக் கணினியில் சராசரி செய்வது அதற்கு ஈடாகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நேரத்தை வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வேலை: சிக்மாவைக் கண்டுபிடியுங்கள்

டி2 எவ்வளவு என்று கேட்கும் முன் சிக்மா எவ்வளவு என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் யாராவது டி2 எண் சொன்னால் நான் அதைக் காதில் வாங்குவதில்லை.

எளிய வழி: படத்தில் உடம்புக்கு வெளியே, காற்று மட்டும் இருக்கும் மூலையில் ஒரு கட்டம் போடுங்கள். அதன் சராசரியை 1.25-ஆல் வகுத்தால் சிக்மா. திட்டவிலக்கத்தை 0.655-ஆல் வகுத்தாலும் சிக்மா. இரண்டும் ஒத்து வர வேண்டும். சராசரியைத் திட்டவிலக்கத்தால் வகுத்தால் 1.91-க்குப் பக்கத்தில் வரும். அப்படி வந்தால் பின்புலம் ரேலே பரவல்படி நடக்கிறது, தைரியமாகப் போகலாம்.

வராவிட்டால்? பல காரணங்கள் உண்டு. சில இயந்திரங்கள் படம் அழகாகத் தெரிவதற்காகப் பின்புலத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நீங்கள் கட்டம் போட்ட இடத்தில் நோயாளியின் அசைவால் வந்த நிழல் விழுந்திருக்கலாம். அல்லது பல காயில்களின் படங்களை வர்க்கமாக்கிக் கூட்டியிருக்கலாம். அப்படிக் கூட்டினால் தளம் இன்னும் மேலே போகும்: ஒரு காயிலுக்குச் சிக்மாவைப் போல 1.25 மடங்காக இருந்தது, இரண்டு காயிலுக்கு 1.88, நான்குக்கு 2.74, எட்டுக்கு 3.94. காயில் கூடினால் எல்லாம் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். தேய்ந்த எக்கோக்களை மட்டும் அது இன்னும் மோசமாக ஏமாற்றும். வேகமாக எடுப்பதற்கான இணை இமேஜிங்கை ஆன் செய்திருந்தால் இரைச்சல் படம் முழுக்க ஒரே அளவாகவும் இருக்காது. காயிலுக்குப் பக்கத்தில் ஒன்று, வயிற்றின் நடுவில் வேறொன்று. மூலையில் அளந்த சிக்மா நடுவில் செல்லாது.

இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே பரிகாரம்: எதையும் மாற்றாமல் அதே ஸ்கேனை இரண்டு முறை எடுங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழியுங்கள். திசு போய்விடும், இரைச்சல் நிற்கும். கழித்த படத்தில் உங்களுக்கு வேண்டிய இடத்திலேயே திட்டவிலக்கம் எடுத்து 1.414-ஆல் வகுத்தால் அந்த இடத்துச் சிக்மா. சிக்னல் பலமாக இருக்கும் முதல் எக்கோவில் இதைச் செய்யுங்கள். ஃபேண்டத்தில், அதாவது நோயாளிக்குப் பதிலாக வைக்கும் மாதிரிப் பொருளில், இது அற்புதமாக வேலை செய்யும். மூச்சு விடும் மனிதரில் கொஞ்சம் தள்ளாடும்.

ஃபில்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். படத்தை மெருகேற்றும் எந்தப் பட்டனும் வேண்டாம், இப்போது வரும் செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கியும் சேர்த்துத்தான். கண்ணால் பார்த்து நோய் கண்டுபிடிக்க அவை உதவலாம். எண் எடுக்கும்போது அவை இரைச்சலின் குணத்தையே மாற்றிவிடுகின்றன, அப்புறம் எந்தச் சூத்திரமும் பொருந்தாது.

மூன்றாவது வேலை: கடல்பாசி காய்ச்சுங்கள்

நோயாளியிடம் போகும் முன் விடை தெரிந்த ஒன்றை அளக்க வேண்டும். அதைத்தான் ஃபேண்டம் என்கிறோம். விலைக்கும் கிடைக்கிறது. ஆனால் இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு அதை விலைக்கு வாங்க எனக்கு மனம் வராது. டி2 ஃபேண்டத்துக்கு உலகமெங்கும் பயன்படுத்துவது அகர். அகர் எடுப்பது மரிக்கொழுந்துப் பாசியில் இருந்தும் கஞ்சிப் பாசியில் இருந்தும். பாம்பன், மண்டபம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, தீவுக்கரைப் பாறைகளில் முங்கி முங்கிப் பறித்து வருகிற அதே பாசி.

கீழக்கரைப் பெண்ணுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டில் கடல்பாசி காய்ச்சாத நாள் கிடையாது. "பதம் எனக்கு விடுங்கக்கா" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். பாலும் சர்க்கரையும் தேங்காயும் போடாத கடல்பாசி என்று நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

செய்முறை இது. ஐந்து பிளாஸ்டிக் பாட்டில், மூடியிலும் உலோகம் இருக்கக் கூடாது. 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீருக்கு 1, 1.5, 2, 3, 4 கிராம் என ஐந்து அளவில் அகர் பொடி. கடையில் விற்கும் சைனா கிராஸும் அகர்தான், ஆனால் எடை சரியாக நிற்க ஆய்வகப் பொடி நல்லது. ஒவ்வொன்றிலும் 0.9 கிராம் உப்பு, ஆஸ்பத்திரி சலைன் அளவு. இந்த உப்பு முக்கியம். உப்பில்லாத அகர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது, காயிலுக்குப் பாரமாக இருக்காது, இரைச்சலும் உடம்பில் வருவதைவிடக் குறைவாக வரும். ஃபேண்டத்தில் படம் அருமையாக இருந்ததே, நோயாளியில் ஏன் இப்படி என்று பிறகு தலையைச் சொறிய வேண்டாம். வாலிநோக்கம் கல்லுப்பு வேண்டாம், அதில் மக்னீசியம் முதலான வேறு உப்புகளும் கலந்திருக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு வாங்குங்கள்.

பொடியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே காய்ச்சுங்கள். முதலில் கலங்கலாக, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருக்கும். 90 டிகிரியைத் தாண்டும்போது கண்ணாடி போலத் தெளியும். கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு துணுக்குகூடத் தெரியக் கூடாது. அந்தப் பதம் வரும் முன் இறக்கினால் பாட்டிலின் அடியில் கெட்டியாகவும் மேலே தளர்வாகவும் உறையும். காய்ச்சும்போது ஆவியாகிப் போவதையும் கவனியுங்கள்: பாத்திரத்தைக் காய்ச்சும் முன்னும் பின்னும் எடை போட்டு, குறைந்த அளவு வெந்நீர் சேருங்கள். 2 சதவீதம் என்று எழுதிய பாட்டிலில் 2.3 இருந்தால் இத்தனை பாடும் வீண்.

ஊற்றுவதில்தான் அவள் கைப்பக்குவம் தெரிந்தது. நுரையைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, பாட்டிலைச் சாய்த்து, ஓரம் வழியாக மெல்ல இறக்கினாள். ஒரு குமிழி இல்லை. காற்றுக் குமிழி இருந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் கோணும், டி2 ஸ்டார் (காந்தப்புலக் கோணலும் சேர்ந்து சிக்னலைத் தேய்க்கும்போது வரும் டி2) அளவு கெட்டுப்போகும். 4 சதவீதப் பாட்டில் கூழ் மாதிரி கெட்டியாக இருப்பதால் அதில் குமிழி சிக்கிக்கொள்ளும். அதற்கு மட்டும் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, குமிழி மேலே வந்த பிறகு ஆறவிட்டோம். 40 டிகிரிக்குக் கீழே போனதும் உறைந்துவிடும்.

மூடியை டேப் போட்டு இறுக்குங்கள். மேலே தேதியும் சதவீதமும் எழுதுங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில வாரம் தாங்கும், பூஞ்சை பிடித்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் காய்ச்சலாம். ஸ்கேன் எடுக்கும் முந்தைய இரவே பாட்டில்களை ஸ்கேன் அறையில் வைத்துவிட வேண்டும். இந்த நேரங்கள் வெப்பநிலையோடு நகரும். தண்ணீரின் டி1 ஒரு டிகிரிக்கு 2 முதல் 3 சதவீதம் வரை மாறும். குளிர்ப்பெட்டியில் இருந்து நேராக எடுத்துப்போனால் நீங்கள் அளப்பது குளிர்ச்சியைத்தான்.

ஐந்து பாட்டில் எதற்கு? அகர் கூடக்கூட 1-ஐ டி2-ஆல் வகுத்து வரும் எண் ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறும். உங்கள் ஐந்து விடையையும் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். 4 சதவீதப் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கினால், டி2 குறைந்த அந்தப் பாட்டிலின் சிக்னல் தளத்தில் முட்டிவிட்டது, நீங்கள் இரைச்சலையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள் என்று பொருள். பையனின் வரைபடத்தில் அது நன்றாகவே தொங்கியது.

நான்காவது வேலை: ஸ்கேனில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது

சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் படப்புள்ளியின் கன அளவோடு நேராக ஏறும். 1 மில்லிமீட்டர் கனசதுரத்தை 2 மில்லிமீட்டராக்கினால் எட்டு மடங்கு. அதே லாபத்தைச் சராசரி மூலம் எடுக்க வேண்டுமானால் 64 மடங்கு நேரம் ஸ்கேன் செய்ய வேண்டும். ஆகவே அளவீட்டுக்குக் கொஞ்சம் தடிமனான ஸ்லைஸ் எடுப்பதில் கூச்சப்பட வேண்டாம். பேண்ட்விட்த்தை, அதாவது சிக்னலை வாங்கும் அலைவரிசை அகலத்தை, பாதியாக்கினால் இரைச்சல் முன்பு இருந்ததை 1.4-ஆல் வகுத்த அளவுக்குக் குறையும், ஆனால் எக்கோ நேரம் நீளும்.

எக்கோ நேரங்களை எங்கே வைப்பது என்பது இதைவிட முக்கியம். இரண்டே எக்கோ என்றால் முதலாவதை முடிந்தவரை முன்னால் வைத்து, இரண்டாவதை அதில் இருந்து டி2-வைப் போல 1.1 முதல் 1.3 மடங்கு தள்ளி வையுங்கள். 50 மில்லி செகண்ட் டி2-வுக்கு 250 வரை எக்கோ எடுத்து அடுக்குவதில் பயன் குறைவு, மேலே எண்களில் பார்த்தோம். எடுத்தால் தப்பில்லை, கணக்கில் எப்படிச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தனித்தனி ஸ்கேனாக எடுக்கிறீர்கள் என்றால், நடுவில் ரிசீவர் கெய்ன் (வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) மாறாமல் பூட்டி வையுங்கள். சில இயந்திரங்கள் ஒவ்வொரு தொடருக்கும் வேறு வேறு பெருக்கு எண்ணைக் கோப்பில் ஒளித்து வைத்திருக்கும், அதைத் தேடிப் பிடித்துத் திருப்பிப் போட வேண்டும். பல எக்கோத் தொடரில் முதல் எக்கோ மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தால் அது இரைச்சல் இல்லை. எக்கோவை உண்டாக்கும் 180 டிகிரி பல்ஸ் முழுதாக 180 ஆகாததால் பின் எக்கோக்களில் வந்து சேரும் தூண்டல் எக்கோ. 1958-இல் மெய்பூமும் கில்லும், கார், பர்செல் ஆகியோரின் 1954-ஆம் வருடத்துப் பல எக்கோ முறையைத் திருத்தியதே இந்தப் பல்ஸ் தவறுகள் சேர்ந்து பெருகாமல் இருக்கத்தான். முழுக்கப் போய்விடவில்லை. முதல் எக்கோவை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவது பலரது வழக்கம்.

ஐந்தாவது வேலை: கோடு போடுவது

மடக்கை எடுத்து நேர்கோடு போடுவது எளிது, அதனால்தான் எல்லாரும் அதில் விழுகிறார்கள். மடக்கை எடுத்ததும் தேய்ந்த புள்ளியின் ஆட்டம் பெரிதாகிவிடும். சிக்னல் 184-இல் சிக்மா 20 என்றால் மடக்கையில் ஆட்டம் 0.11. சிக்னல் 25-இல் அதே 20, 0.8 ஆகிவிடும். இரண்டு புள்ளிக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் எப்படி? ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சிக்னலின் வர்க்கத்தை எடையாகக் கொடுங்கள். அல்லது மடக்கையே எடுக்காமல் அடுக்குக்குறி வளைவை நேரடியாகப் பொருத்துங்கள். இது ஆட்டத்துக்குப் பரிகாரம். தளத்துக்குத் தனியாகச் செய்ய வேண்டும், அதற்கு மூன்று வழி உண்டு.

வெட்டுவது. தளத்துக்கு அருகே வந்த எக்கோக்களைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. சிக்மாவைப் போல மூன்று மடங்குக்குக் கீழே போனதை நான் சேர்ப்பதில்லை. எங்கே வெட்டினீர்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு வெட்டும் இடத்தை நகர்த்துவது ஏமாற்று. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இந்த வழியைத்தான்.

வர்க்கத்தில் கழிப்பது. அளவுப் படத்தின் வர்க்கச் சராசரி என்பது உண்மைச் சிக்னலின் வர்க்கமும் சிக்மா வர்க்கத்தின் இரண்டு மடங்கும் சேர்ந்தது. ஆகவே சிக்மா 20 என்றால் 800-ஐக் கழித்தால் போதும். இதில் வரிசை தவறக் கூடாது: கட்டத்துக்குள் ஒவ்வொரு படப்புள்ளியையும் முதலில் வர்க்கமாக்குங்கள், அப்புறம் சராசரி, அப்புறம் 800-ஐக் கழியுங்கள், கடைசியில் வர்க்கமூலம். மேலே உள்ள மூன்றாவது எக்கோவில் வர்க்கச் சராசரி 1420 வரும், 800 போக 620, வர்க்கமூலம் 25. உண்மை அதுவே. சராசரியை முதலில் எடுத்து 34-ஐ வர்க்கமாக்கினால் 1156, அதில் 800 போக 356, வர்க்கமூலம் 19. இந்தப் பக்கத் தவறைத் திருத்தப் போய் அந்தப் பக்கம் தவறிவிட்டது.

மூன்றாவது, வளைவோடு ஒரு மாறிலியைச் சேர்த்துப் பொருத்துவது. தளத்தை அந்த மாறிலி ஏந்திக்கொள்ளும் என்று நம்பிக்கை. எனக்கு இதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. சிக்னல் பலமாக இருக்கும்போது தளம் கிட்டத்தட்ட எதையும் கூட்டுவதில்லை, தேயும்போதுதான் கூட்டுகிறது. அது மாறிலியே இல்லை. எல்லா இடத்திலும் ஒரே அளவு கழித்தால் டி2 பல சமயம் உண்மையைவிடக் குறைந்துவிடும். மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதிப் படங்களைச் சேமிக்க இயந்திரம் அனுமதித்தால் அதையே வாங்குங்கள், திசையோடு குறித்த வத்தைக் கணக்கு கையில் கிடைத்த மாதிரி.

டி1 அளக்கும்போது

திசுவின் காந்தமாக்கத்தைத் தலைகீழாக்கி மீளவிடும் முறையில் சிக்னல் மைனசில் தொடங்கி, பூஜ்யத்தைக் கடந்து, பிளஸுக்கு ஏறும். கடக்கும் நேரம் டி1-ஐப் போல 0.69 மடங்கு. அளவுப் படத்தில் மைனஸ் தெரியாது, வளைவு வி வடிவில் கீழே வந்து மேலே போகும். அந்த முனை பூஜ்யத்தைத் தொடாமல் தளத்திலேயே நின்றுவிடும். முனைக்கு அருகே உள்ள ஒன்றிரண்டு புள்ளிகளை விட்டுவிட்டு, அதற்கு முந்தையவற்றுக்கு மைனஸ் குறி போட்டுப் பொருத்துங்கள். எந்தப் புள்ளியில் குறி மாறுகிறது என்பதில் சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் பொருத்தி, எது நன்றாக ஒட்டுகிறதோ அதை எடுங்கள். டி1-இல் இரைச்சல் செய்யும் தொல்லை இவ்வளவுதான், டி2 அளவுக்கு இல்லை.

கல்லீரலில் இரும்பு

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்டால், நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையில், தலசீமியா என்ற ரத்தநோய் உள்ள ஒருவரின் கல்லீரல் டி2 ஸ்டாரை அளந்தேன். அடிக்கடி ரத்தம் ஏற்றுபவர்களுக்கு உடம்பில் இரும்பு சேரும். இரும்பு கூடக்கூட டி2 ஸ்டார் சுருங்கும். அந்த எண்ணை வைத்துத்தான் இரும்பு நீக்கும் மருந்தின் அளவை மருத்துவர் முடிவு செய்வார். இதயத்தில் 1.5 டெஸ்லாவில் 20 மில்லி செகண்டுக்குக் கீழே போனால் இரும்பு சேர்கிறது என்பார்கள், 10-க்குக் கீழே போனால் ஆபத்து. இரும்பு மிகுந்த கல்லீரலில் இது ஒன்றிரண்டு மில்லி செகண்டுக்கே வந்துவிடும். மூன்றாவது நான்காவது எக்கோவிலேயே கல்லீரல் இருட்டாகிவிடும்.

நான் பன்னிரண்டு எக்கோவையும் போட்டுக் கோடு இழுத்தேன். விடை, இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. அதாவது இரும்பு குறைவு என்று பொருள்படும் எண். அப்போது என் மேலாளராக இருந்தவர் வளைவின் வாலைப் பார்த்து, "இது கல்லீரல் இல்லம்மா, காற்று" என்றார். அறிக்கை கையெழுத்தாகும் முன் திருத்திவிட்டோம். அவர் அன்று விடுமுறையில் இருந்திருந்தால் ஒருவருக்கு மருந்து குறைந்திருக்கும். இந்தத் தவறு எப்போதும் ஒரே திசையில்தான் போகும்: நோய் முற்றியவரை நன்றாக இருப்பவராகக் காட்டும். அதனால்தான் கல்லீரலுக்கு முதல் எக்கோவை 1 மில்லி செகண்ட் அருகே தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்க முடியாத இயந்திரத்தில் இரும்பு மிகுந்த கல்லீரலுக்கு எண் சொல்லாதீர்கள். இத்தனைக்குக் கீழே என்று மட்டும் எழுதுங்கள். அது மருத்துவருக்குப் போதும், நேர்மையும் கூட.

நோட்டில் எழுத வேண்டியது

டி2 எண்ணுக்குப் பக்கத்தில் சிக்மா எவ்வளவு, எப்படி அளந்தீர்கள், எத்தனை காயில், எப்படிச் சேர்த்தது, எந்த எக்கோ வரை எடுத்தீர்கள், எந்த வழியில் தளத்தைச் சரிசெய்தீர்கள், அறை வெப்பநிலை. ஒரு வரியில் அடங்கும். விடைக்கு ஒரு பிழை அளவும் சேருங்கள். அதற்கு எளிய வழி, கிடைத்த டி2-வையும் சிக்மாவையும் வைத்து எக்செலில் மறுபடியும் ஆயிரம் முறை இரைச்சல் தூவி, விடை எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பது.

பையன் அன்று மாலை தன் பழைய தரவையே மறுபடி எடுத்தான். கழித்தல் முறையில் சிக்மா, மூன்று சிக்மாவில் வெட்டு, சிக்னல் வர்க்க எடை. 4 சதவீதப் புள்ளி மேலேறிக் கோட்டில் வந்து உட்கார்ந்தது. 3 சதவீதம் மட்டும் இன்னும் கொஞ்சம் விலகி நின்றது. பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். கழுத்துப் பக்கம் கடுகளவில் ரெண்டு குமிழி. அவன் போன தடவை தனியாகக் காய்ச்சிய பாட்டில் அது. அடுத்த வாரம் அந்த ஒன்றை மட்டும் மறுபடி காய்ச்சுவது என்று முடிவாயிற்று.